அலோர் காஜா: நிலம் சொல்லும் நானிங் வரலாறு

மலாக்கா வரலாறு என்றாலே பரமேஸ்வரா, 1511, ஆ ஃபமோசா, டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் என்று நகரத்தைச் சுற்றியே நம் பாடம் ஓடிவிடுகிறது. நகரத்திலிருந்து வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் போனால் அலோர் காஜா. அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டமும் கம்போங்கும்தானே இருக்கு, அங்கே என்ன வரலாறு என்று மாணவர்கள் நினைக்கலாம். ஆனால் பள்ளி வரலாற்றில், ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள் பட்டியலில் முதலில் வரும் பெயர்களில் ஒன்றான டோல் சைட் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர். அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற படைவீரர்கள் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஆகவே இது நம்ம பிள்ளைகளுக்கும் நெருக்கமான வரலாறு.

இந்தக் கட்டுரையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஆசிரியர்கள் உள்ளூர் வரலாறு நடத்தும்போது பாடத்துணையாக வைத்துக்கொள்ளலாம். தேர்வு எழுதும் மாணவர்கள் நானிங் போரின் காரணங்களை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொண்டு எழுதப் பயன்படுத்தலாம். முதலில் நிலம், பிறகு வரலாறு. இங்கே நிலம் புரியாமல் வரலாறு புரியாது.

1. எங்கே இருக்கிறது?

மலாக்கா மாநிலத்தில் மொத்தம் மூன்று மாவட்டங்கள்: மலாக்கா தெங்கா, ஜாசின், அலோர் காஜா. மாநிலத்தின் வடபகுதி முழுவதும் அலோர் காஜா. பரப்பளவு சுமார் 660 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று நினைவில் வையுங்கள். மாவட்டம் 31 முக்கிம்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அலோர் காஜா, மஸ்ஜித் தானா, பூலாவ் செபாங், டுரியான் துங்கல், சிம்பாங் அம்பாட், காடேக், ரும்பியா, லெண்டு ஆகியவை நாம் அடிக்கடி கேட்கும் ஊர்ப்பெயர்கள். உள்ளூராட்சியைக் கவனிப்பது அலோர் காஜா நகராண்மைக் கழகம். மாவட்ட மன்றமாக இருந்து 2003இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. 2010இல் ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் அமைந்தபோது டுரியான் துங்கல் பக்கத்துப் பகுதிகள் அதனோடு சேர்ந்தன.

பெயரைக் கவனியுங்கள். ‘அலோர்’ என்றால் மலாயில் நீரோடும் தடம், சிறு வாய்க்கால். ‘காஜா’ என்றால் யானை. யானைகள் நடந்து நடந்து பள்ளமான தடம் என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ‘காஜா’ என்ற சொல் வடமொழி ‘கஜ’த்திலிருந்து மலாய்க்குப் போனது. நாம் ‘கஜமுகன்’ என்று விநாயகரைச் சொல்கிறோமே, அதே சொல்தான். மொழிப்பாடத்தில் கடன்சொல் நடத்தும்போது இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

2. நிலமும் நீரும்

இந்த மாவட்டத்தில் பெரிய மலை கிடையாது. ஏறி இறங்கும் சிறு குன்றுகள், நடுவே ஈரமான பள்ளத்தாக்குகள். குன்றுச் சரிவில் பழமரமும் பின்னாளில் ரப்பரும், பள்ளத்தில் நெல். இதுதான் நானிங் நிலத்தின் அடிப்படை அமைப்பு. சாலையோ ஆறோ பள்ளத்தை ஒட்டிப் போகும். இரண்டு பக்கமும் மேடும் காடும். போர்ப் பகுதிக்கு வரும்போது இது ஏன் முக்கியம் என்று தெரியும்.

வடக்கே லிங்கி ஆறு நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரமான கோலா லிங்கியில் 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கட்டிய சிறு கோட்டை இருக்கிறது. ஆற்று வழியாக வரும் ஈய வியாபாரத்தைக் கண்காணிக்க அந்த இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், பாத்தாங் மலாக்கா ஆறும் தம்பின் ஆறும் சேர்ந்து மலாக்கா ஆறாகி, இந்த மாவட்டத்தின் வழியே நகரத்துக்குப் போகிறது. நகரத்துக்குத் தண்ணீர் தருவது உள்நாடு என்பதை 1991இல் எல்லாரும் உணர்ந்தார்கள். அந்த ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கல் அணைக்கட்டு வற்றிப்போய், மலாக்கா மாநிலமே தண்ணீர்ப் பங்கீட்டுக்கு வந்தது.

புவியியல் ஆர்வம் உள்ள மாணவர்களுக்கு இரண்டு விநோதங்கள். ஒன்று, தஞ்சோங் துவான். போர்ட் டிக்சன் கடற்கரையில், நாலாபுறமும் நெகிரி செம்பிலான் நிலமும் கடலும் சூழ இருக்கும் இந்த முனை மலாக்காவுக்குச் சொந்தம். அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றுள்ள கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. அதே இடத்தில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே விளக்கம் அமைத்திருந்தார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் வல்லூறு இனப் பறவைகளை இங்கிருந்து பார்க்கலாம். இன்னொன்று, பூலாவ் செபாங். இதுவும் தம்பினும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். ஒன்று மலாக்கா, மற்றது நெகிரி செம்பிலான். தம்பினுக்கான ரயில் நிலையமே மலாக்கா மண்ணில்தான் இருக்கிறது. அதனால்தான் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இரண்டு ஊரின் பெயரும் சேர்ந்து வருகிறது.

3. யார் வந்து குடியேறினார்கள்?

மாவட்டத்தின் பல இடங்களில் நட்டுவைத்த நெடுங்கற்கள் உண்டு. ஊரார் அவற்றை ‘பத்து ஹிடுப்’, அதாவது உயிருள்ள கல் என்பார்கள். எழுத்து வரலாறு தொடங்குவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்ததற்கு அவை சாட்சி.

நமக்குத் தெரிந்த நானிங் உருவானது சுமத்ராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்தவர்களால். 1613இல் மலாக்காவைப் பற்றி எழுதிய கோடின்ஹோ டி எரேடியா நானிங்கையும் அங்கிருந்த மினாங்கபாவ் மக்களையும் குறிப்பிடுகிறார். அவர்கள் கொண்டுவந்தது அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபு. குடும்ப நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். குலம் தாயின் குலம். பக்கத்து நெகிரி செம்பிலானில் உள்ள அதே மரபுதான். ‘ஒன்பது நாடுகள்’ என்ற பழைய பட்டியல்களில் நானிங்கையும் சேர்ப்பது உண்டு. ஆனால் இன்று அது மலாக்கா மாநிலத்தில் இருக்கிறது. தேர்வில் இதில் குழம்பக்கூடாது.

நானிங்கின் தலைவருக்கு பெங்குலு என்று பெயர். பழைய பட்டம் ஓராங் காயா ஸ்ரீ ராஜா மேரா. தலைமையிடம் தாபோ நானிங்.

4. 400 கந்தாங் நெல்

இனி கதையின் மையத்துக்கு வருவோம். 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே ஆண்டு நானிங்கோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு மலாக்காவுக்குத் தரவேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. காகிதத்தில் எழுதுவது சுலபம். காட்டுக்குள் போய் நெல்லை அளந்து வாங்கி வருவது சுலபமா? கடைசியில் 1765இல் டச்சுக்காரர் அதை ஆண்டுக்கு 400 கந்தாங் நெல் என்ற அடையாளக் காணிக்கையாக மாற்றிவிட்டார்கள். ஒரு கந்தாங் ஏறக்குறைய நாலரை லிட்டர். மொத்தம் 1,800 லிட்டர் நெல். அன்றைய கணிப்புப்படி இது முழு விளைச்சலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டுங்க. ஆயிரத்தில் ஒன்று 400 என்றால் பத்தில் ஒன்று எவ்வளவு? 40,000 கந்தாங். நூறு மடங்கு! போரின் காரணத்தை இந்த ஒரு கணக்கு பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும்.

1824இல் ஆங்கில–டச்சு ஒப்பந்தம், 1825இல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் உருவாயின. புதிய ஆட்சி பழைய டச்சுத் தாள்களைப் புரட்டியது. ‘பத்தில் ஒரு பங்கு’ என்ற வரி கண்ணில் பட்டது. நானிங் மலாக்காவின் ஒரு பகுதி, அதன் மக்களும் வரி கட்டவேண்டியவர்கள் என்று ஆளுநர் ராபர்ட் ஃபுல்லர்டன் முடிவு செய்தார். நில அதிகாரி டபிள்யூ. டி. லூயிஸ் அதைச் செயல்படுத்தப் போனார். வரியோடு நிற்கவில்லை. பெரிய குற்ற வழக்குகளை மலாக்கா நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டும், பெங்குலுக்கள் கம்பெனியின் சம்பள அதிகாரிகளாக ஆகவேண்டும் என்றும் சொன்னார்கள்.

1801 முதல் பெங்குலுவாக இருந்த டோல் சைட் மறுத்தார். அவர் பார்வையில் நானிங் தனி நாடு. 400 கந்தாங் என்பது நட்புக்கு அடையாளமே தவிர அடிமைப்பட்டதற்கு அத்தாட்சி அல்ல. வரியையும் நீதி வழங்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டால் பெங்குலு என்ற பட்டம் வெறும் பெயர்தானே! 1830இல் பஞ்சோரில் இருந்த பழமரங்களை அவர் தம் உரிமை என்று கைப்பற்றினார். கம்பெனி அதைக் காரணம் காட்டிப் படையெடுக்கத் தயாரானது.

5. போர்: 1831, 1832

ஆகஸ்ட் 1831இல் முதல் படையெடுப்பு. மதராஸ் காலாட்படையின் 29ஆவது பிரிவிலிருந்து சுமார் 150 வீரர்கள், இரண்டு சிறு பீரங்கிகள், தளபதி கேப்டன் வைலி. சில நாளில் முடிந்துவிடும் என்று கிளம்பினார்கள். முன்பு சொன்ன நிலத்தை இப்போது நினைத்துப் பாருங்க. பள்ளத்தில் ஒற்றைப் பாதை, இரண்டு பக்கமும் காடு. நானிங் மக்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள், மறைந்திருந்து சுட்டார்கள், பின்னால் வரும் உணவை மறித்தார்கள். ஹார்டிங் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். படை பீரங்கிகளைக் கைவிட்டு மலாக்காவுக்குப் பின்வாங்கியது. அண்டை நாடான ரெம்பாவ் அப்போது டோல் சைட்டுக்குத் துணையாக நின்றது.

1832இல் இரண்டாவது படையெடுப்பு. இந்த முறை கம்பெனி இரண்டு பாடம் கற்றிருந்தது. முதலாவது, அரசியல். ஜனவரியில் ரெம்பாவோடு ஒப்பந்தம் செய்து, அதன் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டு, தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சைட் ஷாபான் தலைமையில் ரெம்பாவ் ஆட்கள் இப்போது டோல் சைட்டுக்கு எதிராக வந்தார்கள். இரண்டாவது, நிலம். லெப்டினன்ட் கர்னல் ஹெர்பர்ட் தலைமையில் மதராஸ் 5ஆவது காலாட்படைப் பிரிவும், மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பாதை அமைக்கும் படையும் சேர்ந்து, இருபுறமும் காட்டை அகலமாக வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறின. மறைந்து தாக்க இடமே இல்லாமல் செய்வதுதான் நோக்கம். இன்று காரில் அரை மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு மாதக்கணக்கில் ஆனது. 15 ஜூன் 1832 அன்று தாபோ வீழ்ந்தது.

டோல் சைட் தப்பிச் சென்றார். 1834இல் சரணடைந்தார். அவரைத் தூக்கிலிடவில்லை, மலாக்காவில் வீடும் மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தார்கள். 1849இல் காலமானார். அவரது கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது.

போர்ச்செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் பவுன். அதற்கு ஈடாகும் வருமானம் அந்தச் சிறு நாட்டிலிருந்து வரவே இல்லை. இந்தச் செலவு கொடுத்த சூட்டினால்தான் அடுத்த பல ஆண்டுகள் கம்பெனி மலாய் மாநிலங்களின் உள்விவகாரத்தில் தலையிடத் தயங்கியது. 1874 பங்கோர் ஒப்பந்தம் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்ற கேள்விக்கு நானிங்கும் ஒரு பதில்.

6. “சார், அப்போ நம்ம ஆளுங்க வெள்ளைக்காரன் பக்கமா?”

மதராஸ் படை என்று சொன்னதும் ஏதாவது ஒரு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். பல இன மாணவர்கள் இருக்கும் இடைநிலைப்பள்ளி வகுப்பில் இது சங்கடமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுங்க.

ஆம், வந்தார்கள். மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் கலந்திருந்தார்கள். அவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள். நானிங் எங்கே இருக்கிறது என்றுகூட முன்னால் அறிந்திருக்க மாட்டார்கள். போர் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஆங்கில அதிகாரிகள். பலன் கிடைத்திருந்தால் அதுவும் கம்பெனிக்குத்தான்.

அடுத்து, இந்தப் போரை மலாய்க்காரர் ஒரு பக்கம், இந்தியர் மறுபக்கம் என்று பார்ப்பது தவறு. ரெம்பாவ் 1831இல் ஒரு பக்கம், 1832இல் மறுபக்கம். ரெம்பாவுக்குத் தன் சுதந்திரம் முக்கியம். நானிங்குக்குத் தன் சுதந்திரம் முக்கியம். கம்பெனிக்கு வரி முக்கியம். இது இனப்போர் அல்ல. நிலத்தில் யாருக்கு உரிமை, யாருக்கு யார் படியளக்க வேண்டும் என்ற போர். இதை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் மற்ற எதிர்ப்புப் போராட்டங்களும் தானாகப் புரியும்.

இன்னொரு தகவல். இந்தப் போரைப் பற்றி நமக்கு விரிவாகத் தெரியக் காரணமான இரண்டு நூல்களை எழுதியவர்களும் மதராஸ் படை அதிகாரிகளே. பெக்பி என்பவரின் நூல் 1834இல் மதராஸ் வேப்பேரி அச்சகத்தில் அச்சானது. நியூபோல்டின் நூல் 1839இல் வந்தது. அப்படியானால் நாம் படிப்பது வென்றவர் பக்கத்துச் செய்தி. சிப்பாய் ஒருவரோ, நானிங் விவசாயி ஒருவரோ எழுதியிருந்தால் கதை எப்படி இருந்திருக்கும் என்று வகுப்பில் கேளுங்கள். ஆதாரத்தை எடைபோடும் பயிற்சி இது. நகரத்து செயிண்ட் பால் குன்றின் கீழே உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலா போனால், அங்கே டச்சுக்காரரைவிட ஆங்கிலேயர் கல்லறைகளே அதிகம் என்பதையும், நானிங் போரில் இறந்த அதிகாரிகளின் நினைவும் அங்கே இருப்பதையும் காட்டலாம்.

7. நெல்லிலிருந்து ரப்பருக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்கா உள்நாட்டில் சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டார்கள். சில ஆண்டுகளில் மண்ணின் சத்து போய் லாலாங் புல் மண்டிவிடும். வேறு காட்டை வெட்டுவார்கள். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அது. பிறகு ஜாசின் பக்கத்தில் புக்கிட் அசஹான். சில ஆண்டுகளில் அலோர் காஜா குன்றுகளிலும் ரப்பர் ஏறியது.

அதோடு நம் மக்கள் வந்தார்கள், இந்த முறை துப்பாக்கியோடு அல்ல, பால்வெட்டும் கத்தியோடு. கங்காணி முறையில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் குடியேறினார்கள். லயத்தருகே கோயில், பக்கத்தில் பள்ளிக்கூடம். காடேக், பூலாவ் செபாங், டுரியான் துங்கல், ரும்பியா தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களே இந்தக் குடியேற்றத்தின் வரைபடம்.

1905இல் தம்பினையும் மலாக்கா நகரத்தையும் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். மலாக்காவுக்கு ஏன் இன்று நகரம் வரை ரயில் இல்லை என்று மாணவர் கேட்டால், பதில் இங்கிருந்து தொடங்குகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இங்கேயும் கேள்வி பழையதுதான்: உழைக்கிறவனுக்கு நிலத்தில் என்ன உரிமை? பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; சிம்பாங் அம்பாட் வழியாக நெடுஞ்சாலை வந்தது; 2003இல் பெகோவில் கார்த் தொழிற்சாலை வந்தது. லயங்கள் காலியாயின. ஆனால் பள்ளியும் கோயிலும் பல இடங்களில் நிற்கின்றன.

8. தேர்வுக்கு

ஆண்டுகள்: 1641 ஒப்பந்தம், 1765 காணிக்கை 400 கந்தாங், 1825 மலாக்கா ஆங்கிலேயர் வசம், 1831 முதல் படையெடுப்பு, தோல்வி, 1832 இரண்டாவது படையெடுப்பு, தாபோ வீழ்ச்சி, 1834 டோல் சைட் சரண்.

மாணவர்கள் செய்யும் தவறுகள்: ‘வரி அதிகம்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது. நீதி வழங்கும் உரிமை, பெங்குலுவின் தகுதி, நானிங்கின் சுதந்திரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். டோல் சைட் போரில் கொல்லப்பட்டார் என்று எழுதுவதும் தவறு.

மாதிரிக் கேள்வி 1: முதல் படையெடுப்பு ஏன் தோற்றது? குறைத்து மதிப்பிட்டது, நில அமைப்பு, உணவு வழி துண்டிப்பு, ரெம்பாவின் உதவி என நான்கு கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க வாக்கியம் சேருங்கள்.

மாதிரிக் கேள்வி 2 (உயர்நிலைச் சிந்தனை): நானிங் போரிலிருந்து இன்றைய தலைமுறை கற்கும் பாடம் என்ன? ‘ஒற்றுமை வேண்டும்’ என்ற பொதுப்பதிலோடு நிற்காதீர்கள். ரெம்பாவ் அணி மாறியதை ஆதாரமாகக் காட்டுங்கள். ஆதாரம் இருந்தால்தான் கருத்துக்குப் பலம்.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்திட்டம்: மாணவர்களை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நம் குடும்பம் முதலில் எந்தத் தோட்டத்துக்கு வந்தது? அங்கே என்ன பயிர் இருந்தது? இப்போது அந்த நிலத்தில் என்ன இருக்கிறது? பதில்களை அலோர் காஜா வரைபடத்தில் குறித்து வகுப்பில் மாட்டுங்கள். தாத்தா பாட்டிமார் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்க. அடுத்த தலைமுறைக்கு இந்தப் பதில்களைச் சொல்ல ஆள் இருக்காது.